வண்டி தானாய் ஏறிய மேடு

இன்ஜினை அணைத்துவிட்ட வண்டியின் டயர்கள் வெயிலில் இளகிய தாரில் ஒட்டி ஒட்டிப் பிரியும்போது, பழைய துணியை மெல்லக் கிழிப்பதுபோல ஒரு சத்தம் வரும். நான் ஏழாம் வகுப்பு முடித்திருந்த கோடை விடுமுறையில், அந்தச் சத்தம் கேட்டதும் எங்கள் காலனிப் பிள்ளைகள் எல்லோரும் செய்துகொண்டிருந்த வேலையைப் போட்டுவிட்டுச் சாலைக்கு ஓடுவோம்.

வாடிப்பட்டியிலிருந்து சிறுமலை அடிவாரத்துக்குப் பிரியும் ஒரு சின்னச் சாலையில், ஒரு பாலத்தில் தொடங்கிக் கால்வாய்க்கரைத் தென்னந்தோப்பு வரைக்கும் உள்ள தூரத்துக்கு “ஏறுமேடு” என்று பெயர். பாலத்தருகே வண்டியை நியூட்ரலில் போட்டு பிரேக்கிலிருந்து காலை எடுத்தால், அது தானாகவே மேட்டில் ஏறும். தோப்பில் குடியிருக்கும் கருப்பன் இழுக்கிறார் என்பது ஊரின் நம்பிக்கை. அந்தப் பக்கம் சைக்கிள் மிதிக்கிறவர்களுக்கு மூச்சு வாங்காததையும் அவர் அருளென்றே நாங்கள் எடுத்துக்கொண்டோம். கப்பலை விழுங்கும் கடல், பாறைகள் தாமாக நகரும் பாலைவனம், லடாக்கில் வண்டிகள் மேடேறும் சாலை என்று ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரின் இணைப்பில் உலகத்து மர்ம இடங்களைப் பற்றி ஒரு பக்கம் வந்தபோது, எங்கள் ஊர் ஏன் அதில் இல்லை என்று எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

பேப்பரில் வராவிட்டாலும், வீடியோ எடுக்கும் செல்போன் கையில் வந்த பிறகு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பாலத்தருகே டீக்கடை வைத்திருந்த மாயாண்டி மாமா அவர்களுக்கு எங்கே நிறுத்துவது, எப்போது காலை எடுப்பது என்று சொல்லிக்கொடுப்பார். ஆளே நிற்காத கடையில் அந்த வருஷம் இரண்டாவது பெஞ்சு போட்டார்.

ஒரு நாள் அவனியாபுரத்திலிருந்து ஒரு குடும்பம் வேனில் வந்தது. வேனை ஓட்டி வந்தவர் எல்லோரையும் இறக்கிவிட்டுக் கீழே நின்று வீடியோ எடுக்க நினைத்தார். உள்ளே பிள்ளைகள் கையசைத்தால் நன்றாக இருக்கும் என்றார். என்னையும் தங்கை வள்ளியையும் ஏறச் சொன்னது மாயாண்டி மாமாதான்.

“ஏறுங்கத்தா, சும்மா கொஞ்ச தூரம் போகும். மேடுதான, அதுவா நின்னுரும்.”

முதலில் நாங்கள் கையசைத்தோம். ஆள் நடக்கும் வேகத்தில் போன வேன், ஆள் ஓடும் வேகத்துக்கு மாறியது. போனைப் பிடித்தபடி கூடவே ஓடிவந்தவர் கதவைப் பிடிக்கப் பார்த்தார், கை எட்டவில்லை. வள்ளி சிரிப்பதை நிறுத்தி என் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள். சாலை திரும்பும் இடத்தில் வேன் திரும்பாமல் நேராகப் போய், கால்வாய்க்கு முன்னால் இருந்த கடைசித் தென்னையில் மோதி நின்றது. வள்ளிக்கு முன்பல் போய் உதடு கிழிந்தது. எனக்கு இடது கை முறிந்தது. தென்னை கொஞ்சம் தள்ளி முளைத்திருந்தால் வேனோடு தண்ணீருக்குள் போயிருப்போம்.

அம்மா வாடிப்பட்டியில் ஒரு கட்டட வேலையில் சித்தாளாக இருந்தாள். கையில் காய்ந்த சிமெண்டோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவள் யாரையும் திட்டவில்லை. ஊரிலிருந்து வந்தவர்கள், சாமி குற்றம் ஏதோ இருக்கிறது, ஒரு கிடாய் வெட்டிவிட வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா என் பக்கம் குனிந்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

“போகப் போக வேகம் கூடுச்சா, கொறஞ்சுச்சா?”

“கூடுச்சும்மா.”

“அப்ப அது ஏத்தமே இல்ல” என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் வேலை பார்க்கும் இடத்திலிருந்து “டியூப் மட்டம்” கொண்டு வந்தாள். கட்டடம் கட்டும்போது தரை மட்டம் பார்ப்பதற்காக, கண்ணாடி போன்ற நீளக் குழாயில் தண்ணீர் நிரப்பி வைத்திருப்பார்களே, அதுதான். ஒரு முனையைப் பாலத்தருகே அவள் பிடித்துக்கொண்டாள். இடது கை மாவுக்கட்டில் தொங்க, மறுமுனையை வலது கையில் பிடித்தபடி நான் “மேட்டில்” நின்றேன். அவள் பக்கம் முழங்கால் உயரத்தில் நின்ற தண்ணீர், என் பக்கம் அதைவிட ஒரு சாண் கூடுதலாக நின்றது. இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும்; அப்படியென்றால் என் காலடித் தரைதான் பள்ளம். இடம் மாற்றி மாற்றித் தென்னை வரைக்கும் போனோம். ஒவ்வொரு தடவையும் அதே சாண். மொத்தத்தில் அம்மாவின் நெஞ்சு உயரத்துக்குச் சாலை இறங்கியிருந்தது. சரிந்த மலையும் ஒரே பக்கமாய்ச் சாய்ந்து வளர்ந்த தென்னைகளும் சேர்ந்து எங்கள் கண்ணை அத்தனை காலம் ஏய்த்திருந்தன.

டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். “டியூப வச்சு சாமிய அளக்க வந்துட்டியாக்கும்” என்றார் ஒரு பெரியவர்.

மாயாண்டி மாமா தண்ணீரையும் சாலையையும் மாறி மாறிப் பார்த்தார். “நீ சித்தாளு, பாண்டியம்மா. கொத்தனாரு வந்து சொல்லட்டும், பாப்போம்.”

“கொத்தனாரு யாரு, சித்தாளு யாருன்னு தண்ணிக்குத் தெரியுமாண்ணே?”

அவர் கடைக்குத் திரும்பி நடந்தார். ஆனால் மறுநாளும் ஆட்கள் வந்தார்கள், வண்டிகள் உருண்டன. அம்மா கொத்தனாரிடம் போய், ஊருக்கு வந்து சொல்லும்படி கேட்டாள். “எனக்கெதுக்குத்தா ஊர்வம்பு” என்ற அந்த மனிதர், மூலையில் மிஞ்சிக் கிடந்த அரை மூட்டை சிமெண்டைக் காட்டி, “வேணும்னா அத எடுத்துட்டுப் போ” என்றார்.

இரண்டு நாள் கழித்து, விடியும் நேரத்தில் அம்மா தென்னைக்கு வெகு முன்னாலேயே சாலையின் குறுக்கே வேகத்தடையாக ஜல்லி பரப்பிக் கலவை கொட்டினாள். நான் ஒற்றைக் கையால் தண்ணீர் ஊற்றினேன். பாதி வேலையில், கடை திறக்க வந்த மாயாண்டி மாமா எங்களைப் பார்த்துவிட்டார். அவர் கிட்டே வரவர நான் கலவைக்கு முன்னால் போய் நின்றேன். ஒரு மண்வெட்டி போதும், எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுவிடலாம்.

கலவையைக் குனிந்து பார்த்துவிட்டு, “சாமி கோவிச்சுக்கிட்டா?” என்றார்.

“எம்மேலதான கோவிக்கும். நான் பாத்துக்கிறேன்.”

அவர் வள்ளியைப் பற்றிக் கேட்டார். இன்னும் கஞ்சிதான் குடிக்கிறாள் என்றாள் அம்மா. அதன்பின் அவர் கடைக்குப் போய், புதிதாகப் போட்ட அந்த பெஞ்சைத் தூக்கிவந்து, ஈரக் கலவையின் மேல் வண்டி ஏறாதபடி சாலையில் போட்டார். கலவை இறுகும்வரை இரண்டு நாளும் போகிற வருகிறவர்களை மண்பாதையில் இறக்கிச் சுற்றிப் போகச் சொன்னதும் அவர்தான்.

அதற்குப் பிறகு எந்த வண்டியும் அந்த வேகத்தடையைத் தாண்டி உருளவில்லை. ஒரு மாதத்துக்குள் அதற்கும் கதை வந்துவிட்டது. “கருப்பனோட எல்லை இம்புட்டுத்தான். இதுக்கு மேல இழுக்க மாட்டாரு” என்று மாயாண்டி மாமாவே வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். வேகத்தடைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. அளந்து காட்டியது நாம்தானே என்று அம்மாவிடம் சண்டை போட்டேன்.

“நிக்குதுல்ல? அது போதும்” என்றாள்.

மாயாண்டி மாமா இறந்து வெகு காலமாகிவிட்டது; கடை இருந்த இடத்தில் ஒரு செல்போன் கோபுரம் நிற்கிறது. போன மாதம், கட்டுமானப் பொறியாளராக நான் பார்க்கும் ஒரு வேலைக்காக, என் மகளையும் காரில் கூட்டிக்கொண்டு அந்த வழியாகப் போனேன். சாலையை அகலப்படுத்தத் தென்னைகளை வெட்டியிருந்தார்கள். வேகத்தடை புதுத் தாருக்கு அடியில் போய்விட்டது. கண்ணை ஏய்க்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை. பாலத்தைத் தாண்டியதும் என் கால் தானாகப் பிரேக்கை அழுத்தியது.

“ஏம்மா, இறக்கத்துல போயி இம்புட்டு மெதுவா ஓட்டுற?” என்றாள் என் மகள்.