எதிர்காற்றில் சறுக்கும் தூரம்

1. விமானி உரிமத் தேர்வில், விமானத்தின் செயல்திறன் பற்றிய தாளில் இரண்டு முறை தோற்றேன்.
2. ஒரு விமான நிறுவனம் என்னைத் தேர்ந்தெடுத்தது. அந்தத் தாளில் தேறினால்தான் பயிற்சியில் இடம் என்றார்கள்.
3. மூன்றாம் முறை எழுதப் பன்னிரண்டு நாள் இருந்தது. வீட்டில் எழுதிய மாதிரித் தேர்வுகளில் தொண்ணூறுக்குக் குறையவில்லை.
4. அன்று அக்கா ஒரு கேள்வியை மாற்றிக் கேட்டாள்.

அக்காவுக்குத் துறைமுகத்தில் கண்டெய்னர்களை எங்கே அடுக்குவது என்று திட்டமிடும் வேலை. ஷிப்ட் முடிந்து வந்ததும், பொரித்த பரோட்டாவைப் பிய்த்துத் தின்றுகொண்டே கேள்வித் தொகுப்பிலிருந்து எனக்கு வாசிப்பாள். விமானத்தைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது.

"என்ஜின் நின்னுபோன ரெண்டு விமானம். ஒரே மாடல், ஒரே உயரம். ஒண்ணுல மட்டும் எடை கூட..."

"ரெண்டும் ஒரே தூரம்தான் சறுக்கும். ஆப்ஷன் சி."

"ஏளா, இன்னும் முடிக்கல."

"தெரியும்க்கா. அடுத்தது வாசி."

"என்னத்தத் தெரியும்? காத்தே இல்லன்னு போட்டிருக்கு. நான் எதிர்காத்துன்னு வாசிக்கலாம்னு இருந்தேன். அப்பவும் சி தானா?"

தொகுப்பை வாங்கிப் பார்க்கக் கை நீட்டினேன். அக்கா தரவில்லை.

"இது என்ன வசனப் போட்டியா? ரெண்டு வார்த்தை கேட்டதும் எந்திரிச்சு நிக்க?"

எங்கள் ஊர் நாசரேத்தில், சர்ச் ஞாயிறு பள்ளியில் அப்படித்தான் நடக்கும். பைபிள் வசனத்தின் முதல் இரண்டு சொற்கள் வந்ததும் முந்தி எழுந்து, மீதியையும் அதிகார எண்ணையும் ஒப்பிப்பவருக்குப் பரிசு. எனக்கு ஆறு சோப்பு டப்பாக்கள் கிடைத்திருக்கின்றன. அக்காவுக்கு இரண்டு. அந்தப் பொறாமை அவளுக்கு இன்னும் உண்டு.

பென்சிலை எடுத்தேன். காற்று இல்லாதபோது எடை சறுக்கும் கோணத்தை மாற்றாது. கனமான விமானம் அதே பாதையில் வேகமாக இறங்கும், அவ்வளவுதான். எதிர்காற்றில் அந்த வேகம் கணக்குக்கு வருகிறது. சீக்கிரம் இறங்கிவிடுவதால், அதைப் பின்னுக்குத் தள்ளக் காற்றுக்குக் குறைந்த நேரமே கிடைக்கிறது. ஆகவே கனமானதுதான் தூரம் போகும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இருபது நிமிடம் ஆனது. அதற்குள் அக்கா என் பரோட்டாவையும் முடித்திருந்தாள்.

"சி தானா, இல்லையா?"

"இல்ல."

"அப்போ நீ ரெண்டு தடவ எதுக்குப் பெயிலானேன்னு இப்ப வெளங்குதா?"

விளங்கியது. தேர்வில் கேள்விகளைச் சற்றே மாற்றித்தான் கேட்பார்கள்.

மறுநாள் தொகுப்பில் குறித்து வைத்திருந்த விடை எழுத்துகளை எல்லாம் மை தடவி அழித்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் காரணத்தை ஒரு வரியில் எழுதத் தொடங்கினேன். காரணம் தெரியாதவை நூற்றுக்கு மேல் இருந்தன. அக்கா தினமும் எதையாவது மாற்றி வாசித்தாள்: ஓடுபாதை ஈரம், வெயில் கூடுதல், பின்காற்று. சில மாற்றங்கள் அபத்தமாக இருந்தன. அவற்றுக்கும் ஏன் அபத்தம் என்று நான் சொல்ல வேண்டும். மாதிரித் தேர்வில் என் மதிப்பெண் அறுபத்தெட்டுக்கு இறங்கியது. தேற எழுபது வேண்டும்.

தேர்வறையில் ஒவ்வொரு கேள்வியையும் முற்றுப்புள்ளி வரை படித்தேன். நேரம் போதவில்லை. கடைசி மூன்றை ஊகித்து எழுதினேன்.

எழுபத்து நான்கு வாங்கித் தேறிவிட்டேன். பயிற்சி அடுத்த மாதம் தொடங்குகிறது. தொகுப்பில் பத்தொன்பது கேள்விகளுக்கு இன்னும் காரணம் எழுதவில்லை.