ஆறாம் குழாய்

என் வீட்டுக்காரருக்கு பார்களில் வைத்திருக்கும் பெயர் மூக்கு. முகத்தைப் பார்த்து வைத்த பெயர் இல்லை, அது சாதாரண மூக்குதான். ஒரு கிளாஸ் பீரைக் கையில் கொடுத்தால் மற்றவர்கள் குடிப்பார்கள். இந்த மனுஷன் மோந்து பார்ப்பார். விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார். மறுபடியும் மோப்பார். கடைசியில் ஒரே ஒரு வாய் வைத்துவிட்டு, இந்தக் குழாயைக் கழுவி எத்தனை நாளாச்சு என்று கேட்பார். பத்தொன்பது வருஷமாக அதே கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

கேட்பதற்கு அவருக்கு உரிமை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். தொழிலே அதுதான். பார்களில் பேரலிலிருந்து கவுன்டருக்கு பீர் வருகிற குழாய்களைச் சுத்தம் செய்கிறவர். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை ஒவ்வொரு குழாயிலும் காஸ்டிக் சோடாக் கரைசலை ஏற்றி, இருபது நிமிஷம் ஊறவிட்டு, வாளி வாளியாகத் தண்ணீர் விட்டு அலச வேண்டும். கடைசியாக வரும் தண்ணீரில் சிவப்பு லிட்மஸ் தாளை நனைப்பார். பள்ளிக்கூடத்தில் நாமெல்லாம் பார்த்த அதே தாள்தான். அது நீலமாக மாறினால் உள்ளே இன்னும் காஸ்டிக் இருக்கிறது. சிவப்பாகவே இருந்தால் வேலை முடிந்தது. இதை முட்டிபோட்டுக்கொண்டே செய்ய வேண்டும். முழங்கால் இரண்டும் என்றைக்கோ போய்விட்டன. கையுறை போட்டாலும் விரல் நுனியெல்லாம் வெடித்துக் கிடக்கும், ராத்திரி எண்ணெய் தடவிவிட்டால் பல்லைக் கடித்துக்கொள்வார்.

சனிக்கிழமை லீவு. லீவு நாளில் மனுஷன் கால் நீட்டிப் படுப்பாரா? மாட்டார். ஊரில் இருக்கிற பார், சின்னச் சின்ன பீர் ஆலை எல்லாவற்றையும் ஒரு சுற்று சுற்றி, அந்த வாரம் புதிதாக என்ன காய்ச்சியிருக்கிறார்கள் என்று ருசி பார்க்க வேண்டும். அவர் வாய் வைப்பதால் வண்டி ஓட்டுவது நான். எனக்கும் கறுப்பு பீர் பிடிக்கும். ஆனால் சாவி என் கையில் இருக்கிறதே, சோடாவைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ரயில் பாதையோரம் ஒரு பார். அங்கே கோதுமை பீரில் வாழைப்பழ வாசனை வரும், அது அப்படித்தான் வர வேண்டுமாம். அதற்குப் பின்னால் வெண்ணெய் வாசனை வந்தால்தான் குழாய் அழுக்காம். ஒரு நாள் வந்தது. அவ்வளவுதான், சுற்றிப் பார்க்க வந்த மனுஷன் கவுன்டருக்கு அடியில் புகுந்துவிட்டார். பார்க்காரம்மா என்னைப் பார்த்து, உங்க வீட்டுக்காரர் வந்தா டார்ச்ச முதல்லயே எடுத்து வச்சிடுவேன் என்று சிரித்தாள். எனக்கு எங்கே சிரிப்பு வருகிறது? அவர் காலை மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் நல்ல பீர் அகப்பட்டுவிட்டால் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். கண்ணை மூடிக்கொள்வார். முதலில் ஆரஞ்சுத் தோல் என்பார், அப்புறம் வெட்டின புல், கடைசியில் ஒரு கசப்பு வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறது என்பார். நானும் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தால் அப்படியே இருக்கும். அவர் சொல்லும் வரை எனக்கு அது வெறும் கசப்பு. இந்த நாக்கை வைத்துக்கொண்டு பேரல் அடுக்கின நிலவறையில் முட்டிபோட்டுக் கிடக்கிறாரே என்று எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த வேலை வந்தது. பழைய டயர் கிடங்கில் பாரோடு சேர்ந்து நடக்கிற பீர் ஆலை, அவர் குழாய் கழுவும் இடங்களில் ஒன்று. முதலாளி ஒரு தாடிக்காரர், காய்ச்சுவதும் அவரேதான். ஒவ்வொரு தடவை காய்ச்சியதையும் வெளியே அனுப்பும் முன் ருசி பார்த்துச் சொல்ல நிரந்தரமாக ஓர் ஆள் தேவை என்று வாசலில் தட்டி வைத்திருந்தார். நான் போய் அந்த அறையை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். ஜன்னல், மேஜை, முதுகு சாய்கிற நாற்காலி. அந்த நாற்காலியை விட்டு என் கண் நகரவில்லை. முட்டிபோட்டே பாதி ஆயுசைக் கழித்த மனுஷன் இனிமேல் உட்கார்ந்து வேலை பார்ப்பார். விரல் ஆறும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குப் பரீட்சை. வெள்ளிக்கிழமை பார்த்து அதே ஆலையில் குழாய் கழுவும் முறை. காதுக்கு மேலே முடி காடாக வளர்ந்து கிடக்கிறது, போய் வெட்டிக்கொள்ளுங்கள் என்று வாரம் முழுக்கச் சொல்லியிருந்தேன். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. சாயங்காலம் சலூன் மூடுகிற நேரமும் நெருங்கிவிட்டது. மூன்று தடவை போன் பண்ணினேன். இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு என்றார். "நாளைக்குப் பரதேசி மாதிரி போய் நிக்கப் போறீங்களா? அப்படியே போட்டுட்டுக் கிளம்புங்க" என்று கத்தினேன். கிளம்பிவிட்டார். முடி வெட்டிக்கொண்டு வந்து நின்றபோது பத்து வயசு குறைந்திருந்தது. நானே வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டினேன்.

பரீட்சை இதுதான். மூன்று கிளாஸ் வைப்பார்கள். இரண்டில் ஒரே பீர், ஒன்றில் மட்டும் வேறு. வேறு எது என்று தாளில் டிக் போட வேண்டும். இப்படி நான்கு சுற்று, நான்கும் சரியாக இருந்தால் வேலை. ஏழு பேர் வந்திருந்தார்கள். மூன்று சுற்று முடிந்தபோது மிஞ்சியது இரண்டு பேர், என் வீட்டுக்காரரும் ஒரு மருந்துக் கம்பெனி விற்பனையாளரும். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

நான்காவது சுற்று. விற்பனையாளர் மூன்றையும் குடித்து, கூரையைப் பார்த்து, டிக் போட்டுவிட்டு எழுந்தார். என் வீட்டுக்காரர் முதல் கிளாஸை மோந்தார். இரண்டாவது, மூன்றாவது. மறுபடியும் முதலிலிருந்து. தன் விரலை மோந்து பார்த்தார். எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து திரும்பவும் மோந்தார். எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, மூன்றும் வேற வேற என்று தாடிக்காரரிடம் சொன்னார்.

அதற்கு வாய்ப்பே இல்லை என்றார் அவர். இரண்டு ஒரே பேரலிலிருந்து வந்தது, என் கையால் ஊற்றினேன் என்றார். எந்த விதத்தில் வேற என்று கேட்டதற்கு இவரால் சொல்ல முடியவில்லை. சொல்லத் தெரியல, ஆனா வேற என்றார். சரி, மூன்றில் ரொம்ப வேறாக இருப்பது எதுவோ அதற்கு டிக் போடுங்கள் என்று தாடிக்காரர் தன்மையாகத்தான் சொன்னார். அது எது என்று இவருக்குத் தெரியும், நடுக் கிளாஸ். ஆனால் அதற்கு டிக் போட்டால் மற்ற இரண்டும் ஒன்று என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுமாம். வெற்றுத் தாளைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. நான் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். இந்த லென்ஸில் தெளிவா, அந்த லென்ஸிலா என்று நாள் முழுக்கக் கேட்கிறேன். ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டு கண்ணாடி வாங்கிக்கொண்டு போகிறார்கள். நூற்றில் ஒருத்தர் இரண்டும் சரியில்லை என்று பிடிவாதமாக உட்கார்ந்திருப்பார். அந்த ஒருத்தருக்குத்தான் நான் வாக்கப்பட்டிருக்கிறேன்.

வண்டியில் ஏறியதும் பிடித்துக்கொண்டேன். பிழைக்கத் தெரியாத மனுஷன் என்றேன். ஒரு டிக் போட்டால் கை முறிந்துவிடுமா என்றேன். உங்கள் முழங்காலுக்கு நான் ஒத்தடம் கொடுத்தே சாகணும் என்று எழுதியிருக்கிறதா என்றேன். இரண்டு தெரு தாண்டியிருப்போம், நான் திட்டிக்கொண்டே இருக்கிறேன், அவர் தன் விரலை மூக்குக்குக் கொண்டுபோய் மோந்தார்.

"வண்டியத் திருப்பு."

எதற்கு என்றேன்.

"மூணாவது கிளாஸ்ல வந்தது என் கை வாசனை. நான் என் கையில இருந்துதான் வருதுன்னு நெனச்சேன். அது பீர்ல இருந்துச்சு. காஸ்டிக்."

எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது, சொல்லுவதற்கு என்ன. பார்த்தீர்களா, நீங்கள் சொன்னதுதான் சரி, மூன்றும் வேறுதான், போய் அந்தத் தாடிக்காரர் முகத்துக்கு நேராகச் சொல்வோம் என்று வண்டியைத் திருப்பிவிட்டேன். பாதி வழியில்தான் உறைத்தது. காஸ்டிக் எப்படி வந்தது? அந்தக் குழாயைக் கழுவியது யார்? ஓரமாக நிறுத்தினேன்.

ஆறாவது குழாய் என்றார். ஆறு குழாயில் கடைசி அதுதான், மூன்றாவது குழாயிலும் ஆறாவது குழாயிலும் ஒரே பேரல் பீர். முதல் கிளாஸை அதிலும் கடைசிக் கிளாஸை இதிலும் பிடித்திருக்க வேண்டும். எட்டு வாளி விட்டு அலச வேண்டிய இடத்தில் ஐந்தோடு நிறுத்தியிருக்கிறார். தாள் வைத்துப் பார்க்கவும் இல்லை. ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அவருடைய புதிதாக வெட்டின முடி கண்ணில் பட்டது. கேட்கவில்லை.

வீட்டுக்குப் போகலாம் என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். வேலைதான் போச்சு, இருக்கிற பிழைப்பையும் கெடுத்துக்கொள்ள வேண்டாம், இரண்டு கிளாஸ் ஊற்றினால் தானாகக் கழுவிக்கொண்டு போய்விடும் என்றேன். அந்த ஆலையில் வேலை போனால் மற்ற பார்களுக்குச் சேதி போக எத்தனை நேரம் ஆகும்? அவர் கை மணிக்கட்டைத் திருப்பி நேரத்தைப் பார்த்தார். பன்னிரண்டரைக்குக் கடை திறந்துவிடுவார்கள், ஆட்கள் குடிப்பார்கள் என்றார். ஸ்டியரிங்கை ஒரு குத்து குத்திவிட்டு வண்டியை எடுத்தேன்.

தாடிக்காரர் முதலில் நம்பவில்லை. ஆறாவது குழாயில் ஒரு கிளாஸ் பிடித்து மோந்தார், குடித்துப் பார்த்துத் துப்பினார், ஒன்றும் தெரியவில்லையே என்றார். என் வீட்டுக்காரர் கவுன்டரில் இருந்த குழாய்ப் பிடியைக் கழற்றி, உள்ளே இருந்த ரப்பர் வளையத்தை எடுத்து, அதில் சிவப்புத் தாளை ஒத்தினார். ஓரத்தில் நீலம் ஏறியது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"நான்தான் சரியா அலசல. நேத்து அவசரத்துல போயிட்டேன்" என்றார்.

என்ன அவசரம் என்று தாடிக்காரர் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். நீ சும்மா இரு என்பதைப் போல என் வீட்டுக்காரர் கை என் பக்கம் லேசாக உயர்ந்தது. சொந்த வேலை என்று மட்டும் சொன்னார்.

தாடிக்காரர் கத்தவில்லை, கத்தியிருந்தால்கூட எனக்குத் தேவலை. இந்த நாக்கு எனக்கும் கிடையாது என்றார். ஆனால் பரீட்சையில் சரியாக டிக் போட்டவர் அந்த விற்பனையாளர்தான், அவரிடம் வேலை என்று சொல்லியாகிவிட்டது என்றார். குழாய் வேலைக்கும் இனி வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன், குடிக்க வருகிறவர்கள் விஷயத்தில் என்னால் கண்ணை மூடிக்கொள்ள முடியாது என்றார். சரியாகத்தான் சொல்கிறார் என்று எனக்கே தெரிந்தது. அது இன்னும் ஆத்திரமாக இருந்தது. என் வீட்டுக்காரர் தலையாட்டிவிட்டு, இதை மட்டும் அலசிட்டுப் போறேன் என்று அனுமதி கேட்டார். தாடிக்காரர் வாளி இருக்கும் இடத்தைக் காட்டிவிட்டு உள்ளே போனார்.

இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு கவுன்டருக்கு அடியில் முட்டிபோட்டார். நான் வாளியில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஜன்னலோரம் அந்த நாற்காலி இருந்தது, விற்பனையாளர் அதில் உட்கார்ந்து ஏதோ கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். மூன்று வாளி, நான்கு வாளி. பேசக்கூடாது என்றுதான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன், முடியவில்லை.

"நான் மூணு தடவ போன் பண்ணி உயிர வாங்கினேன்னு ஏங்க சொல்லல?"

அவர் தலையைத் திருப்பவில்லை.

"போன் பண்ணினது நீ. தண்ணிய நிறுத்தினது என் கை."

அவர் பிடரியில் சலூன்காரன் தட்டிவிடாமல் விட்ட முடித்துணுக்கு இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தது, துடைத்துவிட்டேன். எட்டாவது வாளி முடிந்ததும் தாளை நானே வாங்கிக் கடைசியாக அலசி வந்த தண்ணீரில் நீட்டினேன். சிவப்பு மாறவே இல்லை. போதும் எழுந்திருங்கள் என்றேன்.

இன்னும் ஒரு வாளி என்றார். பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தேன்.