இரண்டரை மணி நேரக் கொடி

வாலாம்பாளுக்கு எதையும் மெதுவாகச் செய்யத் தெரியாது. பஸ் கிழக்கேகோட்டையை நெருங்குவதற்கு வெகு முன்பே இருக்கையை விட்டு எழுந்து படியருகே வந்து நின்றுவிடுவாள். அலுவலகத்தில் லிஃப்ட் வரும்வரை பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பாள். எதிரில் இருப்பவர் பேசி முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவாள். பாதி நேரம் அது அவர் கேட்க வந்த கேள்விக்கான பதிலாக இருக்காது. ஏன் இப்படி என்றால் அவளுக்கே தெரியாது. கோட்டைக்குள் அக்ரகாரத்தில் பிறந்து, அதே தெருவில் வாழ்க்கைப்பட்டு, கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் சம்பளப் பிரிவைப் பார்த்துக்கொண்டு நாற்பத்தாறு வயதாகிவிட்டது. இத்தனை வருஷத்தில் அவள் போன இடமெல்லாம் பக்கத்து இடம்தான். போன வேகம்தான் அதிகம்.

ரத்த அழுத்தம் கூடியபோது டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். நடை அவளுக்குப் பொறுக்கவில்லை. இரண்டாவது வாரமே ஓட ஆரம்பித்துவிட்டாள்.

போன வருஷம் முதல்முறையாக அரை மாரத்தானில் கலந்துகொண்டாள். இருபத்தொரு கிலோமீட்டர். கழக்கூட்டத்தில் தொடங்கி பைபாஸ் வழியே சாக்கை வரை போய்த் திரும்ப வேண்டும். மெதுவாகத் தொடங்க வேண்டும் என்று நன்றாகத் தெரிந்துதான் போனாள். விசில் ஊதியதும் பக்கத்தில் இருந்தவர்கள் பாய்ந்தார்கள். அவளும் பாய்ந்தாள். சாக்கைவரை தன்னைவிட இளையவர்களை எல்லாம் தாண்டிப் போனாள். திரும்பி வரும்போது ஆக்குளம் பாலத்து ஏற்றத்தில் இரண்டு கெண்டைக்காலும் ஒரே நேரத்தில் இறுகிப் பிடித்துக்கொண்டன. சாலை நடுத்திட்டில் உட்கார்ந்துவிட்டாள். ஓட முடியாதவர்களை ஏற்றிக்கொண்டு வரும் வேனில்தான் முடிவிடத்துக்கு வந்தாள். இறங்கும்போது அவள் அலுவலகத்துப் பெண்கள் அங்கே நின்றுகொண்டிருந்தார்கள்.

அவள் சேர்ந்திருந்த ஓட்டக் குழுவை நடத்தும் சுதீஷ், சாலைக் கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருப்பவர். நாஞ்சில் நாட்டுக்காரர். அவர்தான் ஒருநாள் சொன்னார்: "மாமி, நீங்க ஓடறது ஓட்டமில்ல, கேட்டோ. யாரோ துரத்தற மாதிரி ஓடிப்போறீங்க. இந்தத் தடவை என் கொடிக்குப் பின்னால வாங்க."

சுதீஷ் 'பேஸர்'. ஓட்டத்தை எத்தனை நேரத்தில் முடிக்கப்போகிறார் என்று எழுதிய கொடியை முதுகில் கட்டிக்கொண்டு, அதே வேகத்தில் ஓடுவார். பின்னால் வருகிறவர்கள் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. கொடியைப் பார்த்தால் போதும். அவருடைய கொடியில் இரண்டரை மணி நேரம் என்று எழுதியிருந்தது. அவர் போட்ட திட்டமும் எளிமையானது. முதல் சில கிலோமீட்டர் வேண்டுமென்றே கொஞ்சம் மெதுவாக. பிறகு ஒரே சீராக. பாலத்து ஏற்றத்தில் கடிகாரத்தைப் பார்க்காமல் மூச்சைப் பார்த்து ஓட வேண்டும். அங்கே இழந்த நேரத்தை இறக்கத்தில் மொத்தமாகப் பிடிக்கப் பார்க்காமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்க வேண்டும்.

"கேட்டுக்கறதுக்கு நன்னாத்தான் இருக்கு" என்றார் அவள் கணவர் சேஷன். "உன்னால முடியுமோ?"

"நீங்க சும்மா இருங்கோ" என்றாள்.

ஓட்டத்தன்று விடியுமுன் கழக்கூட்டத்தில் கூட்டம் நெரிந்தது. விசில் ஊதியதும் எல்லாரும் அவளைத் தாண்டிப் போனார்கள். வாலாம்பாள் கொடியைப் பார்த்தாள், தன் கால்களைப் பார்த்தாள், மறுபடி கொடியைப் பார்த்தாள். முன்னால் போகும் வேறொரு கொடி சிறிதாகிக்கொண்டே போனது. அதைப் பிடித்துவிடலாம், ஒரு எட்டுதான் என்று உடம்பு முழுக்கச் சொல்லிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு சுதீஷின் முதுகுக்குப் பின்னாலேயே ஓடினாள். அவளோடு ஏழெட்டுப் பேர். அதில் நீது என்ற மலையாளப் பெண் கழக்கூட்டத்தில் விடுதியில் தங்கி வேலை பார்ப்பவள். இதுதான் முதல் ஓட்டமாம்.

சாக்கையில் திரும்பியதும் தண்ணீர் கொடுக்கும் மேசை. யாரோ எறிந்த பாட்டிலின் மேல் கால் பட்டுப் புரண்டு சுதீஷ் விழுந்தார். எழுந்து இரண்டடி வைத்தார், முகம் வெளுத்தது. உட்கார்ந்து கொடியை அவிழ்த்தார்.

"மாமி, இது பிடிங்க."

"நானா? என்னைத் தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும். பின்னே, வேற யாரு கையில வாட்ச் இருக்கு? போங்க. இவங்க நிக்கறாங்க பாருங்க."

யோசிக்க நேரமில்லை. கொடியை முதுகில் கட்டிக்கொண்டு ஓடினாள். அதுவரை கொடிக்குப் பின்னால் ஓடுவது கஷ்டமாக இருந்தது. கொடியோடு ஓடுவது அதைவிடக் கஷ்டம். கடிகாரத்தைப் பார்த்தால் வேகம் கூடியிருந்தது. குறைத்தாள். அடுத்த முறை பார்த்தால் அளவுக்கு மீறிக் குறைந்திருந்தது. "சேச்சி, பதுக்கே, பதுக்கே" என்று பின்னாலிருந்து நீது மூச்சிரைக்கச் சொன்னாள். அக்கா, மெதுவாக, மெதுவாக. ஆக்குளம் ஏற்றத்தில் வாலாம்பாள் போன வருஷம் உட்கார்ந்த திட்டைப் பார்க்காமல் தாண்டினாள். கால் பிடிக்கவில்லை. தெம்பு நிறைய மிச்சம் இருந்தது, அதுதான் தொல்லை.

கடைசிக் கிலோமீட்டரில் முடிவிடத்து வளைவு தெரிந்தது. மேளச் சத்தம் கேட்டது. அவ்வளவுதான், கால்கள் அவள் பிடியிலிருந்து கழன்றுகொண்டன. காற்றில் கொடி படபடக்க ஓடினாள். ஓரத்தில் நின்றவர்கள் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலில் ஏதோ சரியில்லை என்று தோன்றித் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை. வெகுதூரத்தில் நாலைந்து பேர் தொய்ந்து ஓடி வந்தார்கள். நீது நின்றேவிட்டிருந்தாள்.

வாலாம்பாள் நின்றாள். "ஓடுங்க, ஓடுங்க, ஆயிப்போச்சு!" என்று ஓரத்திலிருந்து கத்தினார்கள். நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றிக் குதித்தாள். வளைவின் மேல் மின்கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது போனால் இரண்டரைக்குள் நிச்சயம். போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு வந்த வழியே, எதிரே வருகிறவர்களை விலக்கிக்கொண்டு திரும்பி ஓடினாள்.

"ஏண்டி நின்னுட்டே?"

"கொடி போயிடுச்சில்லே சேச்சி" என்றாள் நீது. கண் கலங்கியிருந்தது. "பின்னே எதுக்கு ஓடறதுன்னு நின்னுட்டேன்."

வாலாம்பாளுக்குச் சுருக்கென்றது. "தப்புதான். வா. என் தோளைப் பார்த்துண்டு வா. வேற எதையும் பார்க்காதே."

எல்லாரும் சேர்ந்தே வளைவைத் தாண்டினார்கள். கடிகாரம் இரண்டரையைத் தாண்டிச் சில வினாடிகள் ஆகியிருந்தன.

சுதீஷ் காலில் ஐஸ் கட்டி வைத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "லேட்டு, மாமி" என்றார். "ஆள் யாரும் குறையலையே?"

"எல்லாரும் வந்துட்டா. நடுவுல விட்டுட்டு ஓடிட்டேன். திரும்பிப் போய்க் கூட்டிண்டு வந்தேன்."

"பின்னே அடுத்த வருஷமும் பிடிக்கிறீங்க, அல்லே?"

"ஐயோ, வேண்டவே வேண்டாம். ஓடினதைவிட ஓடாம இருந்ததுல பிராணன் போயிடுத்து."

ஆனால் சுதீஷின் கணுக்கால் குணமாகச் சில மாதங்கள் ஆகும் என்று தெரிந்தபோது, புதிதாகச் சேர்ந்தவர்களை ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டிக்கொண்டு ஓட ஆள் இல்லை. நீதுதான் போன் செய்து கேட்டாள். அவள் கேட்டு முடிப்பதற்குள் வாலாம்பாள் சரி என்றுவிட்டாள். முதல் ஞாயிறு ஓடிவிட்டு வந்தவளிடம், கால் வலிக்கிறதா என்று கேட்டார் சேஷன்.

"கால் நன்னாத்தான் இருக்கு" என்றாள், பிடரியைத் தேய்த்துக்கொண்டே. "திரும்பித் திரும்பிப் பார்த்ததுல கழுத்துதான் பிடிச்சுண்டுடுத்து."