மோடத்தின் தலையில் ஐஸ்

‘இந்த மாடலுக்கு இனி அப்டேட் இல்லை, ஸ்பேர் இல்லை, எடுத்துவிடவும்’ என்று இன்று காலை மோடம் கம்பெனியிலிருந்து மெயில். இப்படி ஒரு மெயில் வந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஓடுகிற பெட்டியைச் செத்ததாக எழுதிவிடுவார்கள். வாங்கியவனோ செத்த பெட்டியையும் ஓட்டு என்பான். நடுவில் திட்டு வாங்குவது ரிப்பேர் பார்க்கிற நான்.

எடுத்து வந்த மோடம் ஒன்றைப் புதுக்கோட்டை குடோனில் திறந்தேன். உள்ளே உப்புப் பூத்து, கருவாட்டு வாடை. ஜெகதாப்பட்டினம் என்று மூக்கே சொல்லிவிட்டது.

அங்கே முன்பு ஐஸ் கம்பெனி மாடியில், தகரக் கூரைக்குக் கீழே, படகுக்காரர்களின் ஆபீஸ் இருந்தது. அவர்கள் மோடத்தையும் கம்பெனி எப்போதோ கைகழுவிவிட்டது. வெயில் ஏறினால் சூடாகி நின்றுவிடும். மாற்றுங்கள் என்று நான் கத்துவேன். “அடுத்த சீசன்ல பாப்போம் தம்பி” என்பார் ஆபீஸைப் பார்த்துக்கொண்ட மாரிமுத்து அண்ணன்.

ஒருநாள் அவசரமாகக் கூப்பிட்டார்கள். செல்வி என்ற பெண்ணின் புருசன் மீன்பிடிக்கப் போய் இலங்கையில் பிடிபட்டிருந்தான். அவனை அங்குள்ள வக்கீல் மதியம் கம்ப்யூட்டரில் பேசவைக்கிறாராம். பிடிபட்டதிலிருந்து அவள் அவன் குரலைக் கேட்கவில்லை. நெட் போன் அப்போது யார் கையிலும் இல்லை. போய்ப் பார்த்தால் மோடத்தின் மேல் ஒரு ஐஸ் கட்டி. தண்ணீர் உள்ளே இறங்கி, விளக்கெல்லாம் அணைந்து கிடக்கிறது.

“யாருய்யா இதச் செஞ்சது?”

“நாந்தான் தம்பி. பேசுற நேரத்துல சூடாகிருச்சுன்னா? ஐஸ் கம்பெனியில இருந்துக்கிட்டு வேற என்னத்த வைப்பேன்?” என்றார் மாரிமுத்து அண்ணன்.

“மீனாய்யா இது?”

செல்வி குறுக்கே வந்தாள். “அப்புறமாக் கத்துப்பா. எம்புருசன் வரணும்.”

வாயை மூடிக்கொண்டு பெட்டியைக் கழற்றினேன். கீழே ஐஸ் கம்பெனி மோட்டாரின் சூடான காற்றில் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். செல்வியும் வந்து நின்றாள்.

“ஓடிருமா?”

“ஓடலன்னா தூக்கிக் கடல்ல வீசிருவேன்.”

“கடல்ல போனதெல்லாம் போதும்ப்பா.”

காய்ந்ததும் மேலே கொண்டுபோய் மாட்டினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு விளக்கு எரிந்தது. மறுபடி சூடாகாமல் இருக்க, சேதி கேட்டு வந்திருந்த பெண்கள் மீன்கூடை மூடியால் மாற்றி மாற்றி விசிறினார்கள். திரையில் தாடியோடு அவன் வந்தான். செல்வி கேட்ட முதல் கேள்வி: “அது யாரு சட்டை?”

“வக்கீலு குடுத்தாரு.”

அழுதுகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். கிளம்பும்போது செல்வி ஒரு பை நண்டை என் வண்டியில் மாட்டினாள். “இந்தா, வாய் ஓயாமக் கத்துற. நண்டாவது தின்னு.” என்னைப் பொறுத்துக்கொண்ட அந்தச் சனத்துக்கும், செத்ததாக எழுதப்பட்ட பிறகும் உழைத்த அந்தப் பெட்டிக்கும் நான் கடமைப்பட்டவன்.

இப்போது அந்த ஆபீஸ் இல்லை. எல்லார் கையிலும் போன் இருக்கிறது. நல்லதுதான், குறை சொல்ல மாட்டேன். படகுகள் பிடிபடுவது மட்டும் நிற்கவில்லை. சேதி வந்தால் யாரும் ஓரிடத்தில் கூடுவதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, ஒருத்தி தனியாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.