முதுகின் மேல் ரசமட்டம்

வெயிலில் காய்ந்த சிமெண்டின் மேல் தண்ணீர் விழும்போது ஒரு வாசனை எழும். எங்கே அதை முகர்ந்தாலும் என் முழங்கைகள் எரியும், தலை தானாக நிமிரும், யாரோடாவது சண்டை போட வேண்டும் போலிருக்கும்.

எனக்கு அப்போது பதினோரு வயது. வாழவந்தியில் அப்பாவும் நானும் மட்டும்தான். அப்பா கொத்தனார். சேலத்தில் விளையாட்டு விடுதிக்குப் பிள்ளைகளை எடுக்கிறார்கள், நீ போயே ஆக வேண்டும் என்று விளையாட்டு டீச்சர் சொல்லிவிட்டார். முப்பது எண்ணும்வரை 'பலகை' நிற்கத் தெரிய வேண்டும். இன்று ஊரெல்லாம் பிளாங்க் என்கிறார்களே, அதுதான். முழங்கை தோளுக்கு நேர் கீழே. வயிறு இறுக்கம். இடுப்பு தொங்கவும் கூடாது, கூடாரம் போல எழவும் கூடாது. மூச்சு மட்டும் போய்வந்துகொண்டே இருக்க வேண்டும்.

விடுதி விண்ணப்பத்தை நீட்டிக் கையெழுத்து கேட்டதும், அப்பா பையிலிருந்து மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை எடுத்தார். அதன் கண்ணாடிக் குழாய்க்குள் ஓடும் குமிழி நடுவில் நின்றால் கையெழுத்து. இல்லையென்றால் பேச்சே இல்லை. சுவருக்கு வைப்பதை மகளின் முதுகில் வைத்த தகப்பன் சேர்வராயன் மலையிலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

வீட்டுத் தரையில் பழகினேன். முதல் நாள் பத்தில் விழுந்தேன். மூன்றாம் நாள் முப்பது. குமிழி நட்டநடுவில்.

"இது பழக்கம், கணக்குல சேராது," என்றார் அப்பா. "நாளைக்குக் களத்துல பாக்கலாம் கண்ணு."

களம் என்றால் எஸ்டேட்டில் காப்பி காயப்போடும் களம். அப்பா பூசியது. அன்று வெறுமையாகக் கிடந்தது. முழங்கை ஊன்றி எழுந்தேன். முதுகில் மட்டம் சில்லென்று உட்கார்ந்தது.

"குமிழி தலைப்பக்கம் ஓடுது. இடுப்பத் தூக்கு."

"தூக்கமாட்டேனுங்க. நேராத்தானுங்க இருக்கேன்."

"மட்டம் பொய் சொல்லுமா?"

"நானும் சொல்லமாட்டேனுங்க."

தூக்கியிருந்தால் குமிழி நடுவுக்கு வந்திருக்கும். உடம்பின் கோடு உடைந்திருக்கும். வியர்வை சொட்ட, முப்பதைத் தாண்டி நாற்பதுவரை எண்ணினேன், வீம்புக்கு. பிறகு எழுந்துபோய்த் தொட்டியில் ஒரு சொம்பு மொண்டுவந்து, என் தலை இருந்த இடத்தில் ஊற்றினேன். தண்ணீர் விறுவிறுவென்று கால் இருந்த பக்கம் ஓடியது.

"களந்தானுங்க சாயுது. நான் சாயலைங்க."

தண்ணீர் விளிம்பைத் தொடும்வரை அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பேனா இருக்கிறதா என்று கேட்டார்.

விடுதியில் இடம் கிடைத்தது. கொத்தனாரையே மடக்கிவிட்டேன் என்று தலைகால் புரியாமல் திரிந்தேன். மழைத்தண்ணீர் வடிவதற்காக மூலைக்கு மூலை நூல் பிடித்து அந்த வாட்டத்தை விட்டவரே அவர்தான், மறந்திருக்க வழியே இல்லை என்பது அன்று உறைக்கவில்லை. மகள் நேராக நின்றுவிட்டாள் என்று தெரிந்த பிறகுதான் அவர் களத்தைத் தேடினார் என்பதும்.

சேலம் பஸ் நகர்ந்தபோது, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அப்பா நாலு எட்டு கூடவே நடந்தார்.

"புடிக்கலைன்னா அடுத்த பஸ்ஸுக்கே வந்துரு சாமி."

"வரமாட்டேனுங்கப்பா."