கல்லாகிப் போன பிரேக்

கடந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம், வரலட்சுமி விரதத்துக்கு மறுநாள், சனிக்கிழமை காலை. பெங்களூரு தொம்மலூர் மேம்பாலத்தின் இறக்கத்தில் எங்கள் கார், முன்னால் நின்றிருந்த ஓர் ஆட்டோவின் முதுகில் இடித்தது. மோதியது என்றால் மிகை, உரசியது என்றால் குறை.

ஓட்டியவர் என் கணவர். அதற்கு முந்தைய ஆண்டு, பொங்கல் கழிந்த வாரத்தில் அவருக்கு லேசான பக்கவாதம் வந்து வலப்பக்கம் தளர்ந்துபோயிருந்தது. மாதக்கணக்கில் பயிற்சி செய்துதான் மறுபடி நடந்தார், மாடி ஏறினார். பக்கத்தில் ஆளை வைத்துக்கொண்டு ஓட்டலாம் என்று மருத்துவர் சொன்ன அன்றுதான், நோய்க்குப் பிறகு முதல்முறையாகச் சட்டையை இஸ்திரி போடச் சொன்னார். பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களோடு காலம் கழித்தவர். கார் ஓட்டுவது ஒன்றுதான் பழைய ஆளாக அவரிடம் மிச்சம் இருந்தது.

ஆட்டோக்காரர் இறங்கி வந்தார். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்துவிட்டு, இவரையும் ஒரு பார்வை பார்த்தார்.

“என்னா சார், பிரேக்ல கால வெச்சியா, கட்டய வெச்சியா? முடியலன்னா வீட்ல ஆராமா கூந்துக்கோ. நம்ம உயிர ஏன் எடுக்கற?”

யாரிடமும் ஒரு சொல் வாங்காத மனிதர், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தலையை மட்டும் ஆட்டினார்.

அடுக்ககத்தின் அடித்தளத்தில் வண்டியை நிறுத்திய பிறகும் அவர் இறங்கவில்லை.

“கால் போச்சு. ஒரு மாசமாவே அமுக்கினா அமுங்க மாட்டேங்குது. டாக்டர்கிட்ட சொல்லாத.”

தினமும் விடிந்ததும் பால்கனிச் சுவரில் வலது பாதத்தை வைத்து அவர் அழுத்திக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மருத்துவர் சொன்ன பயிற்சி என்று நினைத்திருந்தேன். அவர் பிரேக்குக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

“ஏங்க, நான் ஒரு தடவ மிதிச்சுப் பாக்கட்டுமா?” என்றேன். அந்தக் காரின் பெடலை அவர் காலைத் தவிர வேறு கால் தொட்டதில்லை. எனக்கு ஓட்டவும் தெரியாது.

“நீ மிதிச்சா மட்டும் எறங்கிடுமா?” என்று சொன்னாலும் நகர்ந்து இடம் விட்டார். கியரை நியூட்ரலில் வைத்து, கைபிரேக்கை இழுத்து, இன்ஜினை ஓடவிட்டார். நான் மிதித்தேன். கல். உடம்பின் பாரத்தை எல்லாம் கொடுத்தும் கொஞ்சம்தான் அசைந்தது.

“என் கால் நல்லாத்தானேங்க இருக்கு? எனக்கும் அமுங்கலயே!”

அவர் முகம் மாறியது. தொழிற்சாலையில் ஆட்களிடம் பேசிய குரல் அது. வெகு நாள் கழித்துக் கேட்டேன்.

“இன்ஜின ஆஃப் பண்ணு. நாலஞ்சு தடவ மிதி. இப்ப மிதிச்சபடியே ஸ்டார்ட் பண்ணு. கால் தானா கொஞ்சம் எறங்கணும். எறங்குதா?”

“இல்ல.”

“அப்ப பூஸ்டருக்கு இழுப்பு போகல.”

பானெட்டைத் திறந்து காதைக் கொடுத்தார். இன்ஜின் காற்றை உறிஞ்சுமாம். அந்த உறிஞ்சல் ஒரு குழாய் வழியாகப் போய், நாம் பிரேக்கை மிதிக்கும்போது கூடச் சேர்ந்து அழுத்துமாம். குழாய் ஒழுகினால் மொத்தப் பாரமும் கால் மேல்தான். அவர் சொல்லிக்கொண்டே குழாயைத் தடவிப் போனார். ஓரிடத்தில் உஸ்ஸென்று சத்தம். எலி கடித்திருந்தது. எங்கள் அடித்தளத்தில் எலிக்குத் தப்பிய கார் கிடையாது.

அவர் கடிவாயைக் கட்டை விரலால் அடைத்தார். “இப்ப மிதி.”

என் காலடியில் பெடல் மெத்தென்று இறங்கியது.

“எறங்குதுங்க! எறங்குது!”

விரலை எடுத்தார், கல். வைத்தார், இறங்கியது. குழந்தைபோல இன்னொரு முறை செய்து பார்த்தார். பிறகு பானெட்டின் பின்னாலிருந்து, “கால் இல்லடி. குழாய்!” என்று கத்தினார். அடித்தளம் முழுக்க எதிரொலித்தது. அவர் அழுவது குரலில் தெரிந்ததால் நான் இறங்கவில்லை.

திங்கட்கிழமை மெக்கானிக் வந்து குழாயை மாற்றினார். “எப்படி சார் கரெக்டா கண்டுபிடிச்சீங்க?” என்று அந்த மெக்கானிக் கேட்டதை, இவர் அன்று என்னிடம் பலமுறை சொன்னார்.

மாலையில் கிளம்பினோம். ஆட்டோக்காரரைப் பார்த்தால் நிறுத்திச் சொல்ல வேண்டும் என்று சிரித்தார். முதல் சிக்னலில் கார் வெள்ளைக் கோட்டைத் தாண்டித்தான் நின்றது. அடுத்த திருப்பத்தில் பள்ளிப் பையோடு ஒரு பெண் குழந்தையை உட்கார வைத்துக்கொண்டு ஸ்கூட்டர் ஒன்று குறுக்கே வந்தது. நான் “பிரேக்!” என்றேன். அவர் அதற்கு முன்பே பார்த்துவிட்டார். பார்த்ததற்கும் கால் நகர்ந்ததற்கும் நடுவே ஓர் இடைவெளி இருந்தது. ஒரு சாண் தள்ளி நின்றோம். ஸ்கூட்டர் போய்விட்டது, அந்தக் குழந்தை எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஓரமாக நிறுத்தி, பிரேக்கை மெதுவாக இரண்டு முறை மிதித்துப் பார்த்தார்.

“பெடல் சரியாத்தான் இருக்கு,” என்றார்.

சாவியை எடுத்து என் மடியில் வைத்தார். வீட்டுக்கு ஆட்டோவில் வந்தோம். காரை மெக்கானிக் கொண்டுவந்து விட்டார். ஒரு மாதமாகக் குழாய்மேல் போட்டிருக்க வேண்டிய பழியைக் கால்மேல் போட்டிருந்தார். குழாய் சரியானதும், காலுக்கு ஒளிய இடம் இல்லாமல் போனது.

தீபாவளிக்குப் பிறகு நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொடுத்தவர் அவரே, நன்றாகவே திட்டுவார். இப்போது மருத்துவமனைக்கும் சந்தைக்கும் நான்தான் ஓட்டுகிறேன். ஒவ்வொரு சிக்னலிலும் இடப்பக்க இருக்கையில் அவருடைய வலது செருப்பு தரையை அழுத்தும் சத்தம் கேட்கும். வண்டி நின்ற பிறகுதான் கேட்கும். பழுது எங்கே என்று தெரிந்துவிட்டால் நிம்மதி வந்துவிடும் என்று அந்த மாலைவரை நம்பியிருந்தேன். தெரிந்த பிறகு மிஞ்சுவதைச் சுமக்கவும் கூட ஓர் ஆள் வேண்டியிருக்கிறது என்பதை, நின்றதுமே பச்சை விழுந்தாலும் அந்தச் சத்தம் வரும்வரை காரை நகர்த்தாமல் காத்திருக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.