கம்ப்யூட்டர்ல இருக்கிற மாப்பிள்ளை

"மாப்பிள்ளை கம்ப்யூட்டர்ல இருக்காரு" என்று தரகர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. டி. கல்லுப்பட்டி முத்திருளன் மதுரையில் ஒரு கம்ப்யூட்டர் கடையில்தான் இருந்தான். அங்கே பில் போட்டான். அவன் குடும்பத்தில் பிறத்தியார் வயலில் இறங்காமல் சம்பளம் வாங்கிய முதல் ஆள். பெண் பார்க்கப் போன அன்று, "நம்ம பிள்ளையும் கம்ப்யூட்டர்தான் படிச்சிருக்கு" என்று மாமனார் மலைச்சாமி பூரித்தபோது, உள்ளதைச் சொல்லிவிடத்தான் முத்திருளன் வாயைத் திறந்தான். திறந்த வாயில் யாரோ கேசரியைத் தள்ளிவிட்டார்கள். அந்தக் கேசரி கல்யாணம் முடிந்தும் தொண்டையை விட்டு இறங்கவில்லை. மனைவி பவதாரிணியிடம்கூட "சர்வீஸ் பக்கம் பாக்குறேன்" என்று மழுப்பி வைத்திருந்தான்.

2003இல் தலை ஆடிக்குக் கோச்சடையில் மாமனார் வீட்டுக்கு விருந்துக்குப் போனார்கள். பவதாரிணி கல்லூரியில் படித்தபோது வாங்கிய கம்ப்யூட்டர் அந்த வீட்டுக் கூடத்தில் பூப்போட்ட உறைக்குள் இருந்தது. அதன் சுவிட்சைத் தட்டிவிட்டு, குளித்து, சாப்பிட்டு வந்தால் திரை வந்திருக்கும், அவ்வளவு நிதானம். மலைச்சாமி முன்பே போனில் சொல்லியிருந்ததால், முத்திருளன் தன் கடையிலிருந்து வேகம் கூட்டுகிற ரேம் அட்டை ஒன்று வாங்கி வந்திருந்தான். இது பழையதோடு ஒத்துப்போகுமா என்று கடை மெக்கானிக்கிடம் கேட்கவில்லை. கேட்டால் சிரிப்பார்களே.

மெக்கானிக்குகள் செய்வதைத் தூர நின்று பார்த்திருக்கிறான். அதேபோல மூடியைக் கழற்றினான், அட்டையின் ஓரத்தை அழிரப்பரால் தேய்த்தான். மாமியார் சோணையம்மாள் விபூதி கொண்டுவந்து பெட்டிக்குப் பூசினாள். பழைய அட்டைக்குப் பக்கத்தில் புதியதைச் செருகி, சுவிட்சைப் போட்டான்.

வீலென்று ஒரு கத்தல். பரவை மார்க்கெட்டில் தக்காளி எடை போட்டவர்கள் தராசை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள் என்று கேள்வி.

"சத்தம் நல்லா கணீர்னு இருக்கு மாப்பிள்ளை" என்றார் மலைச்சாமி.

அட்டையை இன்னும் அழுத்திவிட்டுப் போட்டான். இம்முறை திரை வந்தது. எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். சற்று நேரத்தில் திரை முழுக்க நீலமாகி, வெள்ளை எழுத்துகள் வரிசை கட்டின. மறுபடி போட்டான். மறுபடி நீலம்.

"நீலம் பளிச்சுன்னு இருக்குல்ல" என்றாள் சோணையம்மாள், சுவரைப் பார்த்துக்கொண்டு.

மாப்பிள்ளையைக் குறை சொல்லக்கூடாதென்று ஒரு வீடே சேர்ந்து பாடுபட்டது. யாராவது ஒருவர் திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். "வெயில்ல வந்தீக, சாப்பிட்டுப் படுங்க" என்றார்கள். சாப்பிட்டுப் படுத்தான்.

மத்தியானம் கண் விழித்துக் கூடத்துப் பக்கம் வந்தவன் கதவோரத்தில் நின்றுவிட்டான். பெட்டி தரையில் திறந்து கிடந்தது. பவதாரிணி சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு அட்டைகளிலும் ஒட்டியிருந்த சீட்டுகளைப் படித்தாள். அவற்றை இடம் மாற்றிச் செருகினாள். கம்ப்யூட்டரின் உள்வேலைப் பக்கத்துக்குப் போய் எதையோ மாற்றினாள். திரை வந்தது, நீலமாகவில்லை.

முத்திருளன் திரும்பிப் போய்ப் படுத்து, கண்ணை மூடிக்கொண்டான். பிற்பாடு அவன் நினைக்க நினைக்க உடம்பு கூசியது அந்தக் கண் மூடலுக்குத்தான்.

சாயங்காலம் கம்ப்யூட்டர் குதிரை மாதிரி ஓடியது. "புது ரேம் பழகுறதுக்குக் கொஞ்ச நேரம் எடுக்கும்ப்பா. அவரு செஞ்சது சரிதான்" என்றாள் பவதாரிணி, புருஷன் முகத்தைப் பார்க்காமல்.

முத்திருளன் பூப்போட்ட உறையை எடுத்து மடித்தான்.

மலைச்சாமி தெருவில் இறங்கினார். அவர் திரும்பி வருவதற்குள் மாப்பிள்ளையின் பெருமை வைகையைத் தாண்டி அக்கரைக்குப் போயிருந்தது. கையோடு பின்னால் ஸ்கூட்டர் வந்தது. அடுத்த தெரு ஜவுளிக்கடை பீமாராவ், காலிடுக்கில் தன் கம்ப்யூட்டர் பெட்டியைக் குழந்தை மாதிரி நிறுத்தி வைத்திருந்தார்.

"இதுவும் ரேம் போட்டதிலிருந்து படுத்துக்கிட்டுதாங்க. தம்பி கை வச்சா எந்திரிச்சிரும்னு அண்ணே சொன்னாரு."

எல்லாரும் முத்திருளனைப் பார்த்தார்கள். பவதாரிணி மட்டும் தரையைப் பார்த்தாள்.

"மாமா, நம்ம கம்ப்யூட்டரை நான் சரி பண்ணலை" என்றான். "கடையில நான் பில்லுதான் போடுறேன். எனக்கு இது தெரியாது."

மலைச்சாமி சிரித்துவிட்டார். "பாத்தீகளா பீமாராவ், எம்புட்டு அடக்கம். இந்தக் காலத்துப் பயலுகள்ல எவன் இப்படிச் சொல்லுவான்?"

உண்மையைச் சொன்னதற்கும் பாராட்டு. முத்திருளனுக்குக் காது ரெண்டும் கொதித்தது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். பவதாரிணியின் முன்னால் நீட்டினான்.

"வேணாங்க" என்றாள் மெதுவாக.

"மத்தியானம் நீ செஞ்சதைப் பாத்தேன். பாத்துட்டுப் போய்ப் படுத்துக்கிட்டேன். உக்காரு."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து, பீமாராவின் பெட்டியைத் திறந்தாள்.

"நம்மளதுல பழசு மெதுவா ஓடுற அட்டை, புதுசு வேகமா ஓடுறது. சேர்த்துப் போட்டா, மெதுவானது ஓடுற வேகத்துக்கே ரெண்டையும் ஓட்டணும். செட்டிங்ல அதைத்தான் மாத்துனேன்" என்றாள். "இதுல என்ன போட்டிருக்குன்னு பாப்போம்."

"ஏத்தா, இம்புட்டும் ஒனக்குத் தெரியுமா?" என்றாள் சோணையம்மாள். "அவரு கஷ்டப்பட்டப்ப சொல்லலாம்ல?"

"என்னைய யாரும்மா கேட்டீக?"

மலைச்சாமி மகளைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பெட்டிக்குள் இருட்டாக இருந்ததால் முத்திருளன் டார்ச் விளக்கை எடுத்துப் பிடித்தான். குனிந்து பிடித்ததில் டார்ச் அவள் கைக்குக் குறுக்கே வந்தது.

"அந்தா, பிள்ளை கைய மறைக்குது" என்றார் மலைச்சாமி. "விளக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடிங்க."

கல்யாணமாகி இத்தனை நாளில் அந்த வீட்டில் அவனிடம் ஒரு குறை சொன்னது அதுதான் முதல் தடவை. முத்திருளன் தலை குனிந்தபடியே விளக்கைத் தள்ளிப் பிடித்தான்.